எட்டாம் எண் பிளக்

ஜனவரி 7, ஞாயிறு

வண்டிக்கென்று இன்று தனி நோட்டு போட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் நூற்பு மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். எதையும் தேதி போட்டு எழுதாவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது.

வண்டி: வெள்ளை எஸ்டீம் கார், 1996, பந்தயத்துக்கென்று கட்டியது. உரிமையாளர், பந்தயத்தில் ஓட்டியவர்: என் மனைவி அம்சவேணி, வயது 52. கடைசியாக ஓடியது 2001 டிசம்பர். அதற்குப் பிறகு சௌரிபாளையத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில்.

பிப்ரவரி 25 அன்று செட்டிபாளையம் ஓடுபாதையில் பழைய பந்தயக் கார்களுக்கு ஒரு போட்டி. ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு ஐந்து சுற்று, கடிகாரத்தோடு போட்டி. அம்சா டிசம்பரிலேயே பெயர் கொடுத்துவிட்டாள். என்னிடம் சொன்னது புத்தாண்டு அன்று, இட்லிக்குச் சட்னி ஊற்றியபடி.

நேற்று கணபதியிலிருந்து ஒரு பட்டறைக்காரர் வந்து இன்ஜினில் காற்றழுத்தம் ஏற்றிச் சோதித்தார். "இன்ஜின் பிளாக்குல விரிசலே இல்லீங்களே. யாருங்க விரிசல்னு சொன்னது?" என்றார்.

"எங்க பழைய மெக்கானிக்குங்க, செபாஸ்தியண்ணா. இவருதான் பட்டறைக்குப் போயிக் கேட்டுட்டு வந்து சொன்னாரு" என்றாள் அம்சா, என்னைக் காட்டி.

அந்தக் காலத்தில் சோதனை முறைகள் அவ்வளவு துல்லியமில்லை என்று சொன்னேன்.

ஜனவரி 9, செவ்வாய்

கார்ப்பரேட்டர், குழாய்கள், பிரேக் எல்லாம் கணபதிக்காரர் பொறுப்பு. பாக்கி இருப்பது தீப்பொறி கொடுக்கும் பிளக். இன்ஜினில் நான்கு பிளக்கும் இல்லை, துளைகளைத் துணி வைத்து அடைத்திருந்தது.

"பழைய பிளக்கெல்லாம் எங்கீங்க போச்சு? அது இருந்தா நம்பர் பாத்துக்கலாமே" என்றாள்.

தெரியவில்லை என்றேன்.

"செபாஸ்தியண்ணாவையே கேட்டுப்போடலாமுங்க. உள்ள என்ன பிஸ்டன் போட்டாருன்னு அவருக்குத்தான் தெரியும்."

பிளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அந்த வண்டியின் பானெட்டை நான் தொட்டதில்லை. "நெசமாவா?" என்று சிரித்தாள். சாயங்காலம் கேட்காமலே பஜ்ஜி போட்டாள்.

ஜனவரி 13, சனி

காந்திபுரத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் இரண்டு மணி நேரம். கற்றுக்கொண்டது:

எல்லா பிளக்கும் ஒன்றல்ல. தன் நுனியில் ஏறும் சூட்டைச் சில பிளக்குகள் மெதுவாக வெளியேற்றும், சில வேகமாக. மெதுவாக வெளியேற்றுவது சூடான பிளக், வேகமாக வெளியேற்றுவது குளிர்ந்த பிளக். எண் ஏற ஏறக் குளிர்ச்சி. மெதுவாக ஓடும் வண்டியில் குளிர்ந்த பிளக்கைப் போட்டால் கரி பிடித்து அணைந்துபோகும். வேகமாக ஓடும் வண்டியில் சூடான பிளக்கைப் போட்டால் அது கனலாகச் சிவந்து, தீப்பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும்.

"அப்படிப் பத்துனா?" என்று கேட்டேன்.

"பிஸ்டன்ல ஓட்டை விழுந்துருமுங்க" என்றார் கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே.

பந்தய வண்டி என்பதால் எட்டாம் எண் வாங்கினேன். இடைவெளி அளக்கும் தகட்டுக் கட்டு ஒன்றும் வாங்கினேன். மில்லில் நூலின் தடிமன் அளந்த கைக்கு இது சுலபமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வேலை இல்லை. மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தாள். அம்சா போனை ஷெட்டுக்குள் எடுத்துப்போய் வண்டியைக் காட்டினாள்.

ஜனவரி 16, செவ்வாய்

வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு தெரு தாண்டும் அந்தச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது.

அம்சா அதை ஹோப்ஸ் சந்திப்பு வரைக்கும் ஓட்டினாள். அவளுக்குப் பெண்களுக்கான டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. இருபது வருடமாக முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வேலை. இன்றும் போக்குவரத்தில் அதே முப்பதுதான் போக முடிந்தது. திரும்பி வரும்போது வண்டி இருமியது, மிஸ்ஸிங் அடித்தது, வாசலில் வந்து நின்றேவிட்டது. பிளக்கைக் கழற்றினேன். நான்கிலும் கரி, கண் மை போல.

"அந்த டிசம்பர்ல கடேசிப் போட்டிக்கு முன்னாடியும் இப்படித்தானுங்க இருமுச்சு" என்றாள் அம்சா.

எட்டாம் எண் தப்பு என்று எழுதி, நான்கையும் துடைத்து டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஜனவரி 20, சனி

"செபாஸ்தியண்ணா நம்பர் கெடைச்சுதுங்களா?" என்று கேட்டாள். அவர் ஊரில் இல்லை என்று சொன்னேன்.

ஜனவரி 24, புதன்

ஒரு வேலையாக ஒண்டிப்புதூர் வழியாகப் போகவேண்டியிருந்தது. செபாஸ்தியான் பட்டறை திறந்திருக்கிறது. பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

நிற்கவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

கம்பெனிக் கையேட்டில் இந்த வண்டிக்குப் போட்டிருப்பது ஆறாம் எண், மூக்கு நீண்ட வகை. அதாவது நுனி இன்ஜினுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். கையேட்டை மீறுவானேன் என்று அதையே வாங்கி, எல்லாவற்றிலும் 0.8 இடைவெளி வைத்துப் பூட்டினேன்.

கிளப்பியதும் உள்ளே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். யாரோ நகத்தால் தட்டுவது போல. அரை நிமிடத்தில் இரண்டு சிலிண்டர் வேலை செய்யவில்லை. அம்சா பாய்ந்து சாவியைத் திருப்பி அணைத்தாள்.

கழற்றிப் பார்த்தால், நான் தகடு வைத்து அளந்த இடைவெளி காணோம். இரண்டு பிளக்கில் நுனி நசுங்கி மூடிக்கிடந்தது.

"பிஸ்டன் மேல வந்து இடிச்சிருக்குதுங்க" என்றாள். நசுங்கிய பிளக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "மேடு வெச்ச பிஸ்டன் போட்டிருக்காரு போல. கையேடெல்லாம் இதுக்குச் செல்லாதுங்க. இன்னும் நாலு வாரந்தான் இருக்குது. அவரு எந்த ஊர்ல இருக்காருன்னு சொல்லுங்க, நான் போயிப் பாத்துட்டு வாறேன்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 30, செவ்வாய்

மூக்கு நீளாத வகைதான் வேண்டும், அது உறுதியாகிவிட்டது. எண்தான் தெரியவில்லை. எட்டு மூக்கு நீளாததுதான், ஆனால் கரி பிடித்தது. ஆறு கையேட்டு எண், சாதாரண இன்ஜினுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஏழு. மூக்கு நீளாத ஏழு வாங்கிவந்துவிட்டேன்.

பூட்டினேன். வண்டி அழகாக நின்று உறுமியது. தெருவைச் சுற்றி வந்தாள், ஒரு இருமல் இல்லை. "கண்டுபுடிச்சுட்டீங்க!" என்று என் தோளில் தட்டினாள்.

ஜனவரி 31, புதன்

கடைக்காரரிடம் நல்ல செய்தி சொல்லலாம் என்று போனேன். அவர் முகம் மலரவில்லை.

"தெருவுல ஓடறது ஒரு சோதனையே இல்லீங்க. டிராக்குல இன்ஜின் நிமிசத்துக்கு ஆறாயிரம் ஏழாயிரம் சுத்துல அஞ்சு ரவுண்டு மிதிக்கோணும். ஒரு நம்பர் சூடு தூக்கலாப் போச்சுன்னா நேர்பாதையில பிஸ்டன் ஓட்டையாகி இன்ஜின் பூட்டிக்கும். ஆயில் கொட்டி டயர்ல ஏறுனா வண்டி எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. ஓட்டறது யாருங்க?"

என் மனைவி என்றேன்.

"அப்பொ இன்ஜின் கட்டுனவரையே கேட்டுருங்க."

பிப்ரவரி 4, ஞாயிறு

நான்கு நாளாக எதுவும் எழுதவில்லை. வண்டி நோட்டில் வண்டியைத் தவிர வேறு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதுவும் வண்டியைப் பற்றியதுதான்.

2001 செப்டம்பரில் கோத்தகிரி மலைப்பாதையில் நடந்த கார் ராலிப் பந்தயத்தில் அம்சாவின் வண்டி சறுக்கி, முன்சக்கரம் ஒன்று பள்ளத்தின் மேல் தொங்க நின்றது. புருவத்தில் பதினொரு தையல். எனக்குப் போன் வந்தபோது இரண்டு வயது மகளுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். மறுநாள் வண்டி தொங்கும் படத்தை ஒருவர் காட்டினார். அம்சா அதே படத்தைப் பார்த்துவிட்டு, "அரை அடிதானுங்க, தப்பிச்சுட்டேன்" என்று சிரித்தாள்.

டிசம்பரில் அந்த வருடப் பந்தயத் தொடரின் கடைசிப் போட்டி. புள்ளிப் பட்டியலில் அவள் இரண்டாவது இடம். வண்டி இருமுகிறது என்று செபாஸ்தியானிடம் விட்டிருந்தாள். நான் போய்க் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க சார், பிளக்குல கரி. பத்து நிமிச வேலை" என்றார்.

அம்சா பந்தயத்தையே விட்டுவிட்டதாக அவரிடம் சொன்னேன். பிளக்கை மாட்டவேண்டாம் என்று சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். பிளாக்கில் விரிசல், இனி தேறாது என்று செபாஸ்தியான் சொன்னதாக அம்சாவிடம் சொன்னேன். அந்த வாரமே அவர் ஒரு அணியோடு சென்னைக்குப் போய்விட்டார், திரும்பப் பல வருடம் ஆயிற்று. நான்கு பிளக்கையும் சிங்காநல்லூர் குளத்தில் போட்டேன்.

ஓட்டாதே என்று அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது ஏழாம் எண் பிளக்கோடு அவளை நேர்பாதையில் அனுப்ப என்னால் முடியாது. நாளை மறுநாள் ஒண்டிப்புதூர்.

பிப்ரவரி 6, செவ்வாய்

செபாஸ்தியானுக்கு எழுபத்தொன்று. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அம்மிணி நல்லாருக்காங்களா சார்? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லாம விட்டுட்டாங்களேன்னு மனசு ஆறவே இல்லீங்க. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனோன்னு."

அவர் அதை இருபத்திரண்டு வருடமாக வைத்திருந்திருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னேன். முழுதும்.

அவர் ஒரு பழைய வால்வை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நம்பர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. ஆனா உங்ககிட்டச் சொல்லமாட்டேன். அம்மிணிய வரச்சொல்லுங்க. அவங்க கையில குடுக்கறேன்."

"வரச்சொன்னா எல்லாத்தையும் சொல்லோணுமே."

"ஆமாங்க" என்றார்.

பிப்ரவரி 7, புதன்

காலை ஆறரை. அம்சா டிரைவிங் ஸ்கூல் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்சா, அந்த பிளாக்குல விரிசல் கெடையாது."

"அதான் கணபதிக்காரரு சொன்னாருங்களே."

"இல்ல. அன்னைக்கே கெடையாது. எனக்குத் தெரியும்."

வாளியைக் கீழே வைத்தாள். மீதியையும் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "செபாஸ்தியண்ணாவுக்கும் இதுல பங்கா?" இல்லை, அவரிடமும் பொய்தான் சொன்னேன் என்றேன்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்." வாளியை எடுத்து மீதித் தண்ணீரைச் சக்கரத்தின் மேல் ஊற்றினாள். "ஜெயிச்சிருப்பேன்னு சொல்லலீங்க. கடேசியாக்கூட வந்திருப்பேன். அந்தக் கடேசி எடமாவது என்னோடதா இருந்திருக்கும்."

ஏழு மணிக்கு ஒரு மாணவி வந்தாள். அம்சா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினாள். "கிளட்சை மெதுவா விடு கண்ணு, பயப்படாதே" என்று வழக்கமான குரலில் சொல்வது கேட்டது. கார் தெருமுனை திரும்பும் வரை நின்றேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மகளின் அறையில் படுத்துக்கொள்கிறாள். பேசவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலையில் ஒண்டிப்புதூர் போனாள். மதியம் வந்தாள், கண் சிவந்திருந்தது. ஷெட்டுக்குள் போய் என் டப்பாவைத் திறந்து, கரி பிடித்ததென்று நான் ஒதுக்கிய எட்டாம் எண் நான்கையும் எடுத்துக்கொண்டாள்.

"இதுதான் சரியான பிளக்கு" என்றாள் என்னைப் பார்க்காமல். "முப்பதுல ஓட்டுனா எட்டு கரி புடிக்கத்தான் செய்யும். மூக்கு நீளாத ஆறைப் போட்டு இன்ஜினைச் சூடேத்திட்டு, டிராக்குல எறங்கறதுக்கு முன்னாடி எட்டை மாத்தோணும். அவரு அன்னைக்கும் ரெண்டு செட்டு வெச்சுத்தான் ஓட்ட விட்டிருக்காரு."

"ஏழு போட்டிருந்தா?"

"மூணு ரவுண்டு தாங்குமாம்."

பிறகு சொன்னாள்: "இனி வண்டியத் தொடாதீங்க."

பிப்ரவரி 18, ஞாயிறு

தொடவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

விடிந்ததும் செபாஸ்தியானோடு கிளம்பிப்போய்விட்டாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. டவுன் பஸ் பிடித்துச் செட்டிபாளையம் போய் வேலிக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன்.

பதினொன்றரைக்கு அவள் முறை. இன்ஜினைச் சூடேற்றியாகிவிட்டது. ஆறாம் எண்ணைக் கழற்றி எட்டை மாட்ட அதிகாரிகள் தருவது பத்து நிமிடம். செபாஸ்தியான் குனிந்தார். இரண்டைக் கழற்றி மாட்டிவிட்டார். மூன்றாவது ஏறவில்லை. அவர் விரல்கள் நடுங்குவது வேலியிலிருந்தே தெரிந்தது. மரை கோணலாக ஏறினால் இன்ஜின் தலையே வீணாகிவிடும். நிமிர்ந்து அம்சாவிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார்.

அம்சா சுற்றிலும் பார்த்தாள். என்னைக் கண்டுவிட்டாள்.

"ஏனுங்க! இங்க வாங்க!"

வாயிற்காவலர் தடுத்தார். "எங்க வீட்டுக்காரருங்க, விடுங்க" என்று கத்தினாள்.

பிளக்கை ஸ்பேனரால் அல்ல, வெறும் விரலால் பிடித்து மரையைத் தேடினேன். மில்லில் நூலிழை அறுந்த இடத்தைத் தடவியே கண்டுபிடித்த விரல்கள். இன்ஜின் கொதித்தது. தோல் பொசுங்கும் வாசனை வந்தது, என் தோல்தான். மரை கவ்வியது. இரண்டு சுற்று விரலால், மீதி ஸ்பேனரால். பிறகு நான்காவது.

"நாலும் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். ஹெல்மெட்டுக்குள் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

"சரியா இருக்குது."

செபாஸ்தியானைத் திரும்பிக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து சுற்று. வளைவுகளில் வண்டியின் பின்புறம் ஆடியது, அவள் காலை எடுக்கவில்லை. நேர்பாதையில் அந்த இன்ஜின் தொண்டை திறந்து ஒரே குரலாகக் கத்தியது, ஒரு பிசிறு இல்லை. என் பக்கத்தில் செபாஸ்தியான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பதினெட்டுப் பேரில் ஏழாவது இடம். வண்டி நின்றதும் செபாஸ்தியான் ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. "இதுதானுங்க சரியான சூடு" என்றார். அம்சா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடியெல்லாம் வேர்த்து ஒட்டியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதுக்காரியாகத் தெரியவில்லை என்று எழுதலாம், ஆனால் தெரிந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் சந்தோஷமாக இருக்கும் ஒருத்தியாகத் தெரிந்தாள்.

திரும்பும்போது காரில் முன்னால் அவளும் செபாஸ்தியானும். நான் பின்னால், கையில் பர்னால் களிம்பு.

பிப்ரவரி 26, திங்கள்

"அடுத்த மாசமும் ஒண்ணு இருக்குது. பேர் குடுத்துட்டேன்" என்றாள். கேட்கவில்லை, அறிவித்தாள். கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியாது. இன்னும் மகளின் அறையில்தான் படுக்கிறாள்.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டு செட் பிளக்கையும் சுத்தம் செய்து இடைவெளி பார்த்தேன், 0.7. செய்யச் சொன்னது அவள்தான். பிறகு அவளே தகட்டை வாங்கி எட்டு பிளக்கையும் மறுபடி அளந்தாள். அது அவள் உரிமை.

மார்ச் 17, ஞாயிறு

செட்டிபாளையம், இரண்டாவது போட்டி. காலையில் எங்களுக்கு முன்னால் ஓடிய ஒரு கார் மூன்றாவது வளைவில் புரண்டு, டயர் அடுக்கிய சுவரில் போய் மோதியது. ஓட்டியவர் தானே எழுந்து நடந்து வந்தார். ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

அம்சாவின் முறை வந்தது. நான்கு பிளக்கையும் மாற்றினேன். பானெட்டைச் சாத்திவிட்டு அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தேன்.

"அம்சா."

"சொல்லுங்க."

"எனக்குப் பயமா இருக்குது."

இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. கோத்தகிரிக்குப் பிறகும் சொல்லவில்லை.

"அதுக்கு?" என்றாள்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. நீ போ. சொல்லோணும்னு தோணுச்சு, சொன்னேன்."

அதிகாரி கையைக் காட்டினார். அவள் கியரில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"எனக்குந்தானுங்க" என்றாள். "ஒவ்வொரு தடவையும். அன்னைக்கும் இருந்துச்சு." பிறகு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓடுபாதைக்குள் இறங்கினாள்.

ஐந்து சுற்றையும் பார்த்தேன். ஒன்றில்கூடக் கண்ணை மூடவில்லை.